ரத்தினம்மாள் சொல்லாத நாலு நம்பர்

பெங்களூர் மர்பி டவுனில் போய் ரத்தினம்மாள் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். மாவுக்காரம்மா வீடு என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து மாடிப்படிக்குக் கீழே விட்டுவிட்டுத்தான் போவார்கள். ஐம்பத்து நான்கு வயது, கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். மாடியில் நின்று அவள் இருமினால் தெருக்கோடி பெட்டிக்கடைக்காரன் என்ன வேண்டும் என்று கேட்பான். அப்படிப்பட்ட குரல்காரி, போன வருஷம் ஏப்ரல் மாதத்தில், நாலே நாலு எண்ணைச் சொல்ல மாட்டேன் என்று பதினோரு நாள் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஊர் ஊராகக் கடை போட்டிருக்கிற ஒரு கம்பெனியை அல்லாட விட்டாள். அந்தக் கூத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

கம்பெனி பெயரைச் சொல்லி அதற்கு ஓசியில் விளம்பரம் தர எனக்கு மனசில்லை. ஃபிரிட்ஜ் விற்கிற கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுயரத்துக்கு இரண்டு கதவு வைத்த ஃபிரிட்ஜ். அதை மாடிக்கு ஏற்ற கைப்பிடிச் சுவரையே கொஞ்சம் இடித்தார்கள். ரத்தினம்மாளுக்கு அது வீட்டுச் சாமான் இல்லை, தொழில். காலையில் அரைத்த இட்லி மாவு அதற்குள்தான் போகும். அதிலிருந்து தினமும் இருபத்தைந்து கிலோ தொம்மலூரில் ஒரு பெண்கள் விடுதிக்குப் போகும். ஆபீஸ் வேலைக்கு ஊரைவிட்டு வந்த பெண்கள் தங்குகிற பி.ஜி. அது. அதை நடத்துகிற கோதண்டராமன் நல்ல மனுஷன்தான், ஆனால் புளித்த இட்லி என்று ஒரு பெண் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிவிட்டால் அவருக்கு அன்று முழுக்கச் சோறு இறங்காது. மிச்ச மாவு தெருவுக்கு. இதுதான் அவள் பிழைப்பு.

ஏப்ரல் வெயில் மண்டையைப் பிளந்த ஒரு காலையில் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தாள். உள்ளே விளக்கு எரிந்தது, ஜில்லென்று காற்று வரவில்லை. மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு, கீழ்த்தட்டு வரைக்கும் வழிந்திருந்தது. புளிப்பு வாடை குப்பென்று அடித்தது.

"ஐயோ, என் வயித்துல மண்ணைப் போட்டுட்டானே!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜோசஃபின் துடைப்பத்தோடு ஓடி வந்தாள். ஜோசஃபின் ஒரு கான்வென்ட் பள்ளியில் இருபது வருஷம் ஆயாவாக இருந்தவள். கண்ணாடியைப் போட்டால் இங்கிலீஷ் எழுத்து எதையும் விடமாட்டாள், சோப்பு உறையைக்கூட.

கம்பெனிக்குப் போன் போட்டார்கள். கன்னடத்துக்கு ஒன்றை அழுத்தவும், இங்கிலீஷுக்கு இரண்டு, இந்திக்கு மூன்று, தமிழுக்கு நான்கு. நான்கை அழுத்தினாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஒரு பெண் குரல் தேன் வடியச் சொன்னது. அதையே இருபது நிமிஷம் சொன்னது. கடைசியில் எடுத்த ஆள் இந்தியில் பேசினான். எப்படியோ ஒரு புகார் நம்பர் கிடைத்தது, கூடவே போனில் ஒரு மெசேஜும் வந்தது, அதில் நாலு எண்.

இங்கேதான் அவள் ஒரு தப்பு செய்தாள். அந்தத் தெருவில் யாராக இருந்தாலும் அதே தப்பைத்தான் செய்திருப்பார்கள்.

அந்தத் தெருவில் கேஸ் சிலிண்டர் வருகிற விதத்தைப் பார்த்தால் உங்களுக்குப் புரியும். வண்டி உள்ளே நுழையாது. சிலிண்டர்காரர் முனையில் வண்டியை நிறுத்திவிட்டு "ஓடிபீ..." என்று ஒரு குரல் கொடுப்பார். மாடியிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் பெண்கள் எண்ணைக் கத்துவார்கள். குளித்துக்கொண்டிருந்தால் உள்ளிருந்தே கத்துவார்கள். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி கத்துவாள், அவளிடம் முந்தின நாளே சொல்லி வைத்திருப்பார்கள். ஐந்தாறு வருஷப் பழக்கம். ஓடிபி என்றால் கேட்டவுடன் கத்த வேண்டியது என்று அந்தத் தெரு நினைத்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் போன் வந்தது. "அம்மா, நான் சர்வீஸ்லேந்து கிரண். உங்க ஏரியாலதான் இருக்கேன். ஓடிபி சொல்லிட்டா லொகேஷன் ஓபன் ஆவும்."

அவள் மெஷினுக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். கிரைண்டர் சத்தத்துக்கு மேலே எண்ணைக் கத்தினாள். "நாளெ பர்த்தீனிம்மா, பார்ட் ஒண்ணு பாக்கணும்" என்று, நாளைக்கு வருவதாகக் கன்னடமும் தமிழுமாகச் சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான். அடுத்த நிமிஷம் ஒரு மெசேஜ். ஜோசஃபின் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"ரத்னாக்கா, உன் கம்ப்ளெய்ன்ட் சரி பண்ணியாச்சாம். நீ ரொம்ப சந்தோஷமா இருக்கியாம். அதுக்கு தேங்க்ஸ்ஸாம்."

"யாரு சந்தோஷமா இருக்கா?"

"நீதான்."

ரத்தினம்மாள் ஃபிரிட்ஜைத் திறந்து கையை உள்ளே விட்டாள். அடுப்படி மேடை அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. அவள் அன்றைக்குக் கத்தவில்லை. அப்படியே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். ஜோசஃபினுக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஏன் உட்கார்ந்தாள் என்று தெரிய வேண்டுமானால் ஐந்து வருஷம் பின்னால் போக வேண்டும். அதற்கு முன் பத்தொன்பது வருஷம் ரத்தினம்மாள் தொம்மலூர் பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தாள். ஹவுஸ்கீப்பிங் என்று பெயர், மூன்று மாடிக் கக்கூஸ் கழுவுகிற வேலை. ஒவ்வொரு கக்கூஸ் கதவுக்குப் பின்னாலும் ஒரு தாள் தொங்கும். மணிக்கு ஒரு கட்டம். கழுவினால் அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவள் ஒழுங்காகக் கழுவினாள், ஒழுங்காகப் போட்டாள். ஒரு நாள் மத்தியானம் கட்டடத்துக்குத் தண்ணீர் நின்றுபோனது. சூப்பர்வைசர் வந்து, வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வருகிறார்கள், கட்டம் காலியாக இருக்கக்கூடாது, ஆறு மணி வரைக்கும் மொத்தமாகப் போட்டுவிடு என்றான். "தண்ணியே இல்லையே சார்" என்றாள். "நீ போடும்மா, நான் பாத்துக்கறேன்" என்றான். போட்டாள். நாலு மணிக்கு வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் கதவைத் திறந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு வந்து எல்லார் முன்னாலும் ஆட்டினான் அதே சூப்பர்வைசர். மூணு மணிக்குக் கழுவினேன்னு நீயே கையெழுத்துப் போட்டிருக்கே, பொய்யா போட்டே, என்றான். அவளால் என்ன சொல்ல முடியும், கையெழுத்து அவளுடையதுதானே. அன்று சாயங்காலமே கழுத்து அட்டையை வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே விட்டார்கள். பத்தொன்பது வருஷம் கழுவிய கட்டடம். வேலை போனதைவிட, தன் கையாலேயே தன்னை மாட்டிவிட்டுக்கொண்டோமே என்பதுதான் அவளை அரித்தது.

அந்த மெசேஜைக் கேட்டதும் அவளுக்கு அந்தத் தாள் ஞாபகம் வந்துவிட்டது. செய்யாத வேலைக்கு மறுபடியும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இந்தத் தடவை கத்தச் சொல்லி வாங்கியிருக்கிறார்கள்.

மறுநாள் இரண்டாவது புகார் கொடுத்தாள். புது எண் வந்தது. "அந்த மெசேஜ்ல இன்னா எழுதிருக்குதுன்னு ஒரு எழுத்து விடாம படி" என்றாள் ஜோசஃபினிடம்.

ஜோசஃபின் படித்தாள். வேலை முடிந்து, உங்களுக்கு முழுத் திருப்தி ஏற்பட்ட பிறகு மட்டுமே இந்த எண்ணை எங்கள் ஊழியரிடம் சொல்லவும்.

"பிறகு மட்டுமேவா?"

"பிறகு மட்டுமே."

"அதான் அவனுங்களே எழுதிருக்கானுங்களே! அதுபடிதான் நானும் நடப்பேன்."

ரத்தினம்மாள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பௌத்தக் குடும்பம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி நாலு தெரு ஜனங்களோடு உட்கார்ந்து ஐந்து சீலம் சொல்கிறவள். நாலாவது சீலம் பொய் பேசாமை. அதை அவள் எந்நேரமும் காப்பாற்றினாள் என்று நான் சொன்னால் அது என் பொய்யாகிவிடும். இன்று அரைத்த மாவா என்று கேட்டால் சில நாள் பேச்சை மாற்றுவாள். ஆனால் இந்த விஷயத்தில் நாலாவது சீலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கிரண் நேரில் வந்தான். முப்பது வயது இருக்கும், முதுகில் பை, வெயிலில் வெந்த முகம். ஃபிரிட்ஜைப் பின்னால் கழற்றிப் பார்த்தான். போர்டு போய்விட்டது, ஸ்டாக் இல்லை, வரப் பத்து நாள் ஆகும் என்றான். பிறகு மெதுவாக, "ஓடிபி சொல்லுங்கம்மா" என்றான்.

"போர்டு போடு, சொல்றேன்."

"அம்மா, நாப்பத்தெட்டு மணி நேரத்துல க்ளோஸ் பண்ணலன்னா என் ஐடில செவப்பு விழும். நீங்க சொல்லிடுங்க, பார்ட் வந்ததும் நானே வந்து போட்டுத் தர்றேன். சாமி சத்தியமா."

"நீ ஏற்கெனவே நாளைக்கு வர்றேன்னு போன்ல சொன்னவன்தானே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ரத்தினம்மாள் அவனுக்கு மோர் கொடுத்தாள். எண்ணைக் கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து தொடங்கியது படையெடுப்பு. காலையில் ஒரு பெண் போன் செய்து, மேடம், ஓடிபி சொன்னால் ஒரு வருஷ வாரண்டி கூடுதலாகத் தருகிறோம் என்றாள். மத்தியானம் ஒருத்தன், சொல்லாவிட்டால் புகார் தானாகவே ரத்தாகிவிடும் என்றான். "ரத்தாகட்டும், அப்புறம் ஏன் எங்கிட்ட கேக்குற?" என்றதும் வைத்துவிட்டான். சாயங்காலம் மனுஷனே இல்லாத ஒரு மெஷின் குரல் கூப்பிட்டு, நீங்கள் திருப்தியாக இருந்தால் ஒன்றை அழுத்தவும் என்றது. திருப்தியாக இல்லை என்பதற்கு எதை அழுத்துவது என்று அது சொல்லவேயில்லை. ரத்தினம்மாள் அந்த மெஷினையும் விடவில்லை. "உன்னைப் பெத்தவன் யாருடி, வரச் சொல்லு அவனை" என்று அதோடு பத்து நிமிஷம் மல்லுக்கட்டினாள். தெருவே சிரித்தது.

சிரிப்பு ஒரு பக்கம், பாடு ஒரு பக்கம். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை என்று பிரித்து அரைத்தாள். அல்சூர் மார்க்கெட் மீன்கடையிலிருந்து ஐஸ் கட்டி வாங்கிவந்து பெரிய அண்டாவில் போட்டு அதற்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கினாள். பி.ஜி.க்குப் போன மாவு ஒரு நாள் லேசாகப் புளித்தது, ஒரு நாள் லேசாக மீன் வாடை அடித்தது. கோதண்டராமன் போன் செய்தார்.

"ரத்தினம்மா, நீங்க நல்லவங்கதான், நான் மறுக்கல. ஆனா பொண்ணுங்க ஒத்துக்க மாட்டேங்குறாங்க. பாக்கெட் மாவுக் கம்பெனிக்காரன் தினம் வந்து வாசல்ல நிக்குறான். திங்கக்கெழமைக்குள்ள ஃபிரிட்ஜ் சரி பண்ணிடுங்க. இல்லன்னா நான் அவங்கிட்ட மாத்திப்பேன்."

இதைக் கேட்டதும் அவள் புருஷன் அப்பாதுரை மாசக் கணக்கை விரல்விட்டுப் போட ஆரம்பித்துவிட்டார். ஆட்டோ ஓட்டி ஓய்ந்த மனுஷன், இப்போது மாவு டெலிவரிக்கு மட்டும் வண்டி எடுக்கிறார். யாரோடும் சண்டை பிடிக்காதவர். சனிக்கிழமை கம்பெனியிலிருந்து வந்த போனில் ஒரு புதுப் பேச்சு வந்திருந்தது. இந்தப் புகாரை முடித்துக் கொடுங்கள், உடனே அவசரப் புகார் என்று வேறொன்று போடுகிறோம், இரண்டே நாளில் போர்டு வந்துவிடும்.

"குடுத்துத் தொலையேன் ரத்னா" என்றார் அப்பாதுரை. "நாலு நம்பர்தானே? யாருக்கு நஷ்டம்? பி.ஜி. போச்சுன்னா நாம இன்னா பண்றது?"

"நாலு நம்பர் இல்ல. அது என் கையெழுத்து."

"கையெழுத்தை வெச்சுக்கினு இட்லி சுட முடியாது."

அவளுக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அவள் சாமான் துலக்கிக்கொண்டே அதையே யோசித்தாள். கொடுத்துவிடலாமா என்று ஒரு தடவை இல்லை, பத்து தடவை நினைத்தாள்.

அப்போதுதான் போன் அடித்தது. கை சோப்பாக இருந்ததால் அப்பாதுரை எடுத்தார். கிரண்தான். அவர் கொஞ்ச நேரம் ம், ம் என்று கேட்டார், பிறகு கண்ணாடியைத் தேடினார், பிறகு மெசேஜைத் திறந்து, எண்ணைப் படிக்க வாயைத் திறந்தார். முதல் எண் வெளியே வந்துவிட்டது. "ஆறு..."

ரத்தினம்மாள் சோப்புக் கையோடு பாய்ந்து போனைப் பிடுங்கினாள்.

"டேய் கிரண், கேளு. எம் புருஷன்கிட்ட நைசா கேட்டு வாங்கலாம்னு பாத்தியா?"

"அம்மா, எனக்கு வேற வழி தெரியல. மாசக் கடைசிக்குள்ள முடிக்கலன்னா இந்த ஏரியா ரூட்டை எடுத்துடுவேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. போன மாசம்தான் எனக்கு கொழந்தை பொறந்துச்சி" என்றான்.

அவள் வாயில் வந்திருந்த திட்டெல்லாம் அப்படியே நின்றுவிட்டது. கக்கூஸ் கதவுக்குப் பின்னால் பேனாவோடு நின்ற தன்னையே பார்த்தது போல இருந்தது. தாளை நீட்டுகிறவன் எங்கோ ஏசியில் உட்கார்ந்திருக்கிறான். மாட்டிக்கொள்கிறது எப்போதும் கையெழுத்துப் போடுகிறவன்தான்.

"பாருப்பா" என்றாள், குரலைத் தணித்து. "உங்கிட்ட எனக்கு சண்டை இல்ல. உன்னை எவன் கேக்கச் சொல்றானோ அவனை இங்க அனுப்பு. மாவுக்காரி உன்னை வரச் சொன்னான்னு சொல்லு. வேற எதுவும் நீ சொல்லத் தேவையில்ல, பழி எம்மேல கெடக்கட்டும்."

திங்கட்கிழமை வந்தது. ஃபிரிட்ஜ் அப்படியே இருந்தது. கோதண்டராமன் சொன்ன சொல் தவறாதவர், அன்றைக்கே பாக்கெட் மாவுக்கு மாறிவிட்டார். இருபத்தைந்து கிலோவும் போயிற்று. அப்பாதுரை ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார். ரத்தினம்மாள் அன்று அழுதாள். ஜோசஃபின் மட்டும்தான் பார்த்தாள், அவளும் வெளியே சொல்லவில்லை. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "போனது போச்சு. இனிமே எனக்கு இன்னா பயம்? இப்ப கேக்கச் சொல்லு அவனுங்களை" என்றாள்.

வியாழக்கிழமை மாதக் கடைசி. காலை பத்தரை மணிக்குத் தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. கிரண் இறங்கினான், கையில் ஒரு அட்டைப் பெட்டி. அவனுக்குப் பின்னால் இஸ்திரி போட்ட சட்டையில் ஒருத்தர். ராகேஷ், ஏரியா மேனேஜர். மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே, "ஆன்ட்டி, எங்க கிளை முழுக்கப் பாக்கி இருக்குற ஒரே கம்ப்ளெய்ன்ட் உங்களுதுதான்" என்றார். இன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் அதுவும் முடிந்தால் அவர் கிளைக்குத்தான் முதல் பரிசாம், மேலிடத்திலிருந்து கேடயம் தருவார்களாம். அதை அவர் சொல்லியிருக்கக்கூடாது. ரத்தினம்மாள் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஒக்காருங்க சார். ஆறு மணி வரைக்கும் டைம் இருக்குதில்ல."

பத்து நாளாகக் கிடைக்காத போர்டு பெட்டியிலிருந்து வெளியே வந்தது. கிரண் இரண்டு மணி நேரம் பின்பக்கம் படுத்து வேலை செய்தான். மெல்லிய உறுமலோடு ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கியது. ராகேஷ் துள்ளி எழுந்தார்.

"ஓடிபி ஆன்ட்டி?"

"வேலை முடிஞ்சிருக்குது. எனக்கு திருப்தி ஆவணுமே, அதுவும் எழுதிருக்குதே." ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் பிடித்து ஃபிரீசரில் வைத்துக் கதவை மூடினாள். "இது ஐஸ் ஆவட்டும். சொல்றேன்."

"அதுக்கு மூணு மணி நேரம் ஆகும்!"

"நான் பதினோரு நாள் ஒக்காந்தேன் சார். நீங்க மூணு மணி நேரம் ஒக்காருங்க. சாம்பார் இருக்குது, இட்லி ஊத்தறேன். மாவு கொஞ்சம் புளிச்சிருக்கும், உங்க புண்ணியம்."

கிரண் எட்டு இட்லி சாப்பிட்டான். ராகேஷ் முதலில் வேண்டாம் என்றார், பிறகு ஐந்து சாப்பிட்டார். தெருவில் பாதிப் பேர் ஏதோ ஒரு சாக்கில் மாடிக்கு வந்து டம்ளரைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சும்மா இருக்க முடியாத ஜோசஃபின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காலியான அட்டைப் பெட்டியை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ரத்னாக்கா, இதுல உன் பேர் இல்லியே. சுனிதா, காக்ஸ் டவுன்னு போட்டிருக்குது. போன் நம்பர்கூட இருக்குது. தேதி பாரு, ஒரு மாசம் முன்னாடி."

ராகேஷ் பெட்டிக்குக் கை நீட்டினார். ரத்தினம்மாள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"யாரு சார் இந்த சுனிதா?"

"அது... ஸ்டாக் அட்ஜஸ்ட்மென்ட் ஆன்ட்டி. உங்களுக்கு அவசரம்னு..."

"நான் உங்களைக் கேக்கல. கிரண், நீ சொல்லு. இது அவங்க போர்டா?"

கிரண் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் அவனை முறைத்தார். கிரண் பெட்டிப் பக்கம் திரும்பினான்.

"அவங்களுதுதாம்மா. அவங்களுக்குன்னு வரவழைச்சது."

"அப்ப அவங்களுக்கு ஏன் போடல?"

"அவங்க மொத நாளே ஓடிபி குடுத்துட்டாங்கம்மா. கணக்குல அவங்க ஃபிரிட்ஜ் ஓடிக்கினு இருக்குது."

ரத்தினம்மாளுக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது. காக்ஸ் டவுனில் ஒருத்தி ஒரு மாதமாகக் கெட்டுப்போன ஃபிரிட்ஜை வைத்துக்கொண்டு, நாளை வருவான் நாளை வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வந்த குளிர்ச்சியைத் திருடிக்கொண்டு வந்து இங்கே டம்ளரில் ஐஸ் ஆக்குகிறார்கள்.

"த்தூ! இது ஒரு பொழப்பா?" என்றாள். பிறகு எழுந்து போய் டம்ளரை எடுத்து வந்தாள். தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. மணி மூன்றே முக்கால்.

ராகேஷ் போனை நீட்டினார். "இப்ப சொல்லுங்க ஆன்ட்டி."

"சொல்றேன். அந்த சுனிதாம்மா கம்ப்ளெய்ன்ட்டை முதல்ல திறங்க. இப்பவே, என் கண்ணு முன்னாடி. வேலை நடக்கலன்னு அதுல எழுதுங்க."

"அதெப்படி முடியும்? மூடின கம்ப்ளெய்ன்ட் ஆன்ட்டி. திறந்தா இன்னைக்கு என் கணக்குல மறுபடியும் ஒண்ணு பாக்கின்னு காட்டும். கேடயமே போயிடும்!"

"எனக்கு இருபத்தஞ்சு கிலோ போச்சு சார். உங்களுக்கு ஒரு கேடயம் போவட்டும்."

ராகேஷ் கத்தினார், கெஞ்சினார், எழுந்து படி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். ஒரு பாக்கி இருந்தால் திட்டோடு போகும், இரண்டு பாக்கி என்றால் மேலிடத்தில் காரணம் கேட்பார்கள். இதை அவர் மனசுக்குள் போட்டுப் பார்த்தது முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் கிரண்தான் பையிலிருந்து தன் போனை எடுத்தான்.

"சார், நான் திறக்குறேன். என் ஐடிலதான் மூடினேன், என் ஐடிலயே திறக்குறேன்."

"டேய், உன் ரூட்டு போயிடும், தெரியுதா?"

"போவட்டும் சார்."

அவன் பெட்டியில் இருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்துப் போட்டான். எழுதி முடித்து ஜோசஃபினிடம் காட்டினான். ஜோசஃபின் ஒரு எழுத்து விடாமல் படித்தாள். வேலை நடக்கவில்லை, போர்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டது, வாடிக்கையாளர் காத்திருக்கிறார். படித்துவிட்டுத் தலையாட்டினாள்.

அப்போது ரத்தினம்மாள் மாடிக் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றாள். தெரு முழுக்கக் கேட்கிற தன் பழைய குரலில், பதினோரு நாள் பூட்டி வைத்திருந்ததைத் திறந்து விட்டாள்.

"ஆறு! ரெண்டு! ரெண்டு! ஒம்போது! போட்டுக்கோ கிரண், உனக்குத்தான் சொல்றேன்!"

கீழே யாரோ கைதட்டினார்கள். ராகேஷ் படியிறங்கினார். கிரண் பையை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் போனான். போகும்போது ரத்தினம்மாள் ஒரு டப்பா மாவை அவன் கையில் திணித்தாள். பொண்டாட்டிக்கு இட்லி ஊற்றிக் கொடு, பிள்ளை பெற்றவள், என்றாள். அவனுக்கு ரூட் போயிற்றா இருந்ததா என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. பி.ஜி. ஆர்டர் திரும்பி வரவில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

கார் போனதும் அவள் அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜோசஃபின் எண்ணைப் படிக்கப் படிக்க ஒவ்வொன்றாக அழுத்தினாள். மூன்றாவது மணியில் ஒரு பெண் குரல் எடுத்தது, அலுத்துப்போன குரல்.

"ஹலோ, சுனிதாம்மாவா? உங்களுக்கு இப்ப ஒரு மெசேஜ் வந்திருக்கும், நாலு நம்பரோட."

"வந்துச்சி. நீங்க யாரு, கம்பெனியா? ஓடிபிதானே வேணும்? இருங்க சொல்றேன், நாலு, ஒண்ணு..."

"ஐயோ சொல்லாதீங்கம்மா!" என்று ரத்தினம்மாள் போட்ட சத்தத்தில் பெட்டிக்கடைக்காரன் எட்டிப் பார்த்தான். "நான் கம்பெனி இல்ல. மர்பி டவுன்ல மாவு விக்கிறவ. உங்க போர்டு என் வீட்டு ஃபிரிட்ஜுலதான் ஓடுது. எல்லாம் சொல்றேன், மொதல்ல அந்த நம்பரை மறைச்சி வைங்க. டம்ளர்ல தண்ணி ஐஸ் ஆவுற வரைக்கும் எவன் வந்து கேட்டாலும் வாயைத் தொறக்காதீங்க."